ஜாலியாகப் படிக்க ஒண்ணு சொல்லேன்: காமிக்ஸும் கதைப் புத்தகமும் பரிந்துரைக்க ஒரு முழு வழிகாட்டி

“லேசா, ஜாலியா படிக்க ஒண்ணு சொல்லேன்” என்று யாராவது கேட்டுவிட்டால் புத்தகப் பைத்தியங்களுக்குத் தலைகால் புரியாது. சுஜாதா, டெக்ஸ் வில்லர், ராஜேஷ்குமார், கல்கி என்று மூச்சுவிடாமல் அடுக்குவோம். கேட்டவர் “ம்... ம்...” என்று தலையாட்டுவார். அப்புறம் வீட்டுக்குப் போய் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

பொழுதுபோக்குப் புத்தகத்தைப் பரிந்துரைப்பதில் ஜெயித்தோமா தோற்றோமா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான். கேட்டவர் கடைசிப் பக்கம்வரை போனாரா? காலத்தால் அழியாத படைப்பா, எழுத்தாளரின் உச்சமா என்பதையெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம். நம் வேலை, ஒரு ஆளை ஒரு புத்தகத்தை முடிக்க வைப்பது. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: பெயர் சொல்வதற்கு முன் விசாரியுங்கள்

“என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். வரும் பதில் பெரும்பாலும் மரியாதைக்கான பதிலாக இருக்கும். “சரித்திரம் பிடிக்கும்” என்பார்கள். வீட்டில் பொன்னியின் செல்வன் முதல் பாகம் நாற்பதாம் பக்கத்தில் செருகிய புக்மார்க்கோடு தூங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“அத்தை, கடைசியா எந்தப் புத்தகத்தை முழுசா முடிச்சீங்க?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ரமணிசந்திரன் படிச்சதுதான்டா. அப்புறம் எங்க நேரம்?”

“இப்ப எப்ப நேரம் கிடைக்கும்?”

“மத்தியானம் ஒரு அரை மணி நேரம். அதுவும் பொடி எழுத்தா இருந்தா கண்ணாடி போட்டாலும் தெரியாது.”

அவ்வளவுதான், வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. அத்தைக்குக் குடும்பக் கதை பிடிக்கும். அரை மணி நேரத் துண்டுகளாகப் படிக்கத் தோதாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இவரிடம் பொடி எழுத்தில் அச்சான காமிக்ஸ் தொகுப்பைக் கொடுத்தால் அது பரணுக்குத்தான் போகும்.

இன்னொரு நல்ல கேள்வி, எதைப் பாதியில் வைத்தார், எந்த இடத்தில் வைத்தார் என்பது. “நிறைய பேர் வர்றாங்க, யார் யாருன்னே புரியல” என்றால் ஆள் கூட்டம் குறைந்த கதை. “வர்ணனை தாங்கல” என்றால் சாண்டில்யன் பக்கமே போகாதீர்கள். புத்தகமே படிக்காதவர் என்றால் எந்த சீரியல், எந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்தார் என்று கேளுங்கள். மர்மதேசம் சீரியலை விடாமல் பார்த்தவருக்கு அதன் கதாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் என்று தனியாக யோசிக்கவே வேண்டாம்.

படி 2: எந்த ‘லேசு’ என்று பிரியுங்கள்

லேசான புத்தகம் என்று ஒருவர் கேட்கும்போது அவர் மனதில் இருப்பது சிரிப்பாக இருக்கலாம். ஓட்டமும் துரத்தலும் உள்ள சாகசமாக இருக்கலாம். ராத்திரி விளக்கை அணைக்கப் பயப்படும்படியான திகிலாக இருக்கலாம். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தே படிக்கும் காதல் கதையாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் கேட்டால் பெரும்பாலும் ஐந்தாவது ஒன்று, பள்ளிக்கூட நாள்களைத் திரும்பத் தரச் சொல்கிறார். அதற்கு அவர் அன்று படித்ததையே தேடிக் கொடுப்பதுதான் மருந்து.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர் கேட்டால் கொலைக் கதை வேண்டாம். இதைச் சொல்ல வழிகாட்டி தேவையா என்று தோன்றும். ஆனால் செய்கிறோமே.

படி 3: காமிக்ஸில் எங்கே ஆரம்பிப்பது

தமிழில் காமிக்ஸ் என்றால் முதலில் சிவகாசி. அங்கிருந்துதான் 1972ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே 1984ல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்து, ஜேம்ஸ்பாண்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்து, 2005ல் நின்றது. முத்துவும் லயனும் இன்னும் வருகின்றன. ஆக, புதிதாகப் படிப்பவருக்குச் சொல்ல இங்கே நிறைய இருக்கிறது. சிக்கல் எல்லாம் எதை முதலில் சொல்வது என்பதில்தான்.

சிரிக்க வேண்டும் என்பவருக்கு லக்கி லூக். பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946ல் வரைய ஆரம்பித்த கௌபாய். 1955 முதல் கோஸினி கதை எழுத வந்தபின் நையாண்டி களைகட்டியது. முதல் சிபாரிசாக இதைவிடச் சிறந்த தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கதை சுமார் 45 பக்கம், அதோடு முடிந்தது. எந்தக் கதையை முதலில் எடுத்தாலும் புரியும். டால்டன் சகோதரர்கள் வரும் கதையாகப் பார்த்துக் கொடுங்கள். கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட ஜெயில் சட்டையில் நாலு பேரும் உயரவரிசையில் நிற்பார்கள். குள்ளன் ஜோ லக்கி லூக் பெயரைக் கேட்டாலே காலை உதைத்துக்கொண்டு கத்துவான்; கடைக்கோடியில் நிற்கும் நெட்டையன் ஆவ்ரெல், தப்பிக்கும் திட்டத்துக்கு நடுவில் சாப்பாடு எப்போது என்று கேட்பான். வசனத்தையே படிக்காத பிள்ளைகூட அந்தப் படத்துக்குச் சிரிக்கும். பெற்றோர் கேட்டால் சொல்வதற்கு ஒரு தகவல்: பழைய கதைகளில் லக்கி லூக் வாயில் சிகரெட் இருக்கும், 1983ல் அதை எடுத்துவிட்டுப் புல் ஒன்றைக் கவ்வக் கொடுத்தார் மோரிஸ்.

லக்கி லூக் பிடித்துவிட்டால் அடுத்தது சிக் பில் குழு. அதில் ஹீரோவை மறந்துவிடலாம். கோபக்கார ஷெரீப் டாக் புல்லும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கிட் ஆர்ட்டினும்தான் கதை.

சாகசம் கேட்பவருக்கு டெக்ஸ் வில்லர். 1948ல் இத்தாலியில் போனெல்லி எழுத, கல்லெப்பினி வரையப் பிறந்த ரேஞ்சர். தமிழ் வாசகர்களுக்கு இவர் இரவுக் கழுகார். கூடவே நரைத்த தாடிக் கிழவர் கார்சன், சாப்பாட்டுப் பிரியர். நல்லவன் யார், கெட்டவன் யார் என்ற குழப்பமே கிடையாது, எம்.ஜி.ஆர். படத்துக்கு உட்காரும் நிம்மதியோடு உட்காரலாம். ஆனால் ஒன்று, பல கதைகள் நீளம். முதல்முறை கொடுக்கும்போது ஒரே புத்தகத்தில் முடிகிற கதையா என்று பார்த்துக் கொடுங்கள். ‘தொடரும்’ என்று முடிந்து, அடுத்த பாகம் கையில் இல்லையென்றால் நட்பே முறியும்.

கொஞ்சம் அழுக்கான, கொஞ்சம் ஏமாற்றுக்கார ஹீரோ வேண்டும் என்பவருக்குக் கேப்டன் டைகர். பிரெஞ்சில் புளூபெர்ரி என்ற பெயரில் ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த தொடர். உடைந்த மூக்கு, சீட்டாட்டம், மேலதிகாரியோடு சண்டை. ‘தங்கக் கல்லறை’யில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பாலைவனத்தில் புதையல் தேடும் கதை. ஜிரோ வரைந்த வெயில் பக்கத்தைத் தாண்டி அடிக்கும். ‘மின்னும் மரணம்’ அதைவிடப் பெரிய விருந்து, ஆனால் முதல் நாளே பெரிய விருந்து வேண்டாம்.

‘இரத்தப் படலம்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காமிக்ஸ் ரசிகர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். நினைவிழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். உடம்பில் ரோமன் எழுத்தில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது. யார் அவன்? வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984ல் தொடங்கிய கதை, பாகம் பாகமாக நீள்கிறது. பிரமாதம்தான். ஆனால் சதிக்குள் சதி, பெயருக்கு மேல் பெயர். மூன்று நாள் விடுமுறையும், கதையில் தொலைந்து போகும் மனமும் உள்ளவருக்கு மட்டும் சொல்லுங்கள். பஸ்ஸில் பத்து நிமிடம் படிப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்) விஷயத்தில் என் கருத்து சிலருக்குக் கோபம் வரவைக்கும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து வருவதை எட்டு வயதில் பார்த்தவருக்கு அது பொக்கிஷம். இன்றைய இருபது வயதுக்காரருக்கு நடை மெதுவாகத் தெரியும். இளைஞர் கேட்டால் மாயாவியைவிட ஸ்பைடர் பரவாயில்லை. குற்றவாளிகளுக்குச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு நல்ல பக்கம் தாவிய ஆள். காதில் பூ சுற்றும் கதைதான், ஆனால் முழம் முழமாகச் சுற்றுவதால் சுவையாக இருக்கும். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்று சேர்த்துச் சொல்லுங்கள், ஆர்வம் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கும், பேச்சுத் தமிழ் தெரிந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் சுப்பாண்டி. ஒரு பக்கம், இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். 1983ல் டிங்கிள் சிறுவர் இதழில் வந்த அந்த அப்பாவி, தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதைகளிலிருந்து போனவன். நம் வீட்டுப் பிள்ளைதான்.

படி 4: கதைப் புத்தகத்தில் எங்கே ஆரம்பிப்பது

இங்கே எல்லாரும் சுஜாதா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எந்த சுஜாதா என்று சொல்ல வேண்டும். சிரிப்பும் ஊர்ப் பாசமும் கேட்பவருக்கு ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’, அதுவும் சிறுகதைகள் என்பதால் தினம் ஒன்றாகப் படிக்கலாம். திகிலுக்குக் ‘கொலையுதிர் காலம்’. நடப்பது பேயா விஞ்ஞானமா என்று சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கதை. நாட்டுப்பாடல் சேகரிக்கப் போனவன் பழைய ஜமீன் வீட்டில் தங்கும் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ கிராமத்து மர்மம் கேட்பவருக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ‘என் இனிய இயந்திரா’. கதை நடப்பதாகச் சொன்ன காலத்தை நாம் தாண்டிவிட்டோம், ஆனாலும் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு இன்னும் வயதாகவில்லை. ‘மீண்டும் ஜீனோ’வை முதலில் கொடுத்துவிடாதீர்கள், அது அடுத்த பாகம்.

மாத நாவல்கள் இன்னொரு உலகம். ராஜேஷ்குமார் 1500க்கும் மேல் எழுதியிருக்கிறார் என்பதே புதியவரை மிரட்டும். எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், கையில் எது கிடைக்கிறதோ அதில் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பல நாவல்களில் இரண்டு கதை ஓடும். முதல் அத்தியாயத்தில் கோயம்புத்தூரில் ஒருத்தி வேலைக்குக் கிளம்புவாள். இரண்டாவதில் சம்பந்தமே இல்லாமல் வேறு ஊரில் ஒரு பிணம் கிடக்கும். மூன்றாவதில் திரும்ப அவள். புதியவர் பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்று குழம்புவார். இரண்டும் கடைசியில் சேரும், பொறுமையாகப் போங்கள் என்று சொல்லிவிட்டால் அந்தக் குழப்பமே சுவாரசியமாகிவிடும். எங்கே முட்டிக்கொள்ளப் போகின்றன என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வருவதற்குள் ஒரு நாவல் முடிந்துவிடும்.

கொலையைவிடக் கிண்டலும் கலகலப்பும் அதிகம் வேண்டும் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத்–சுசீலா. சுசீலாவின் பனியன் வாசகங்களுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். சினிமா வேகம் வேண்டும் என்றால் சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி. சித்தர், காவல் தெய்வம், பூட்டிய அறை என்று வேண்டும் என்றால் மேலே சொன்ன இந்திரா சௌந்தர்ராஜன்.

நகைச்சுவையில் தேவனின் துப்பறியும் சாம்புவை வயது பார்க்காமல் கொடுக்கலாம். மொத்தம் 50 கதைகள். சாம்பு துப்பறிவதில்லை; தடுமாறி விழுவார், தப்பான வீட்டுக்குள் நுழைவார், திருடன் மாட்டிக்கொள்வான். என்ன மூளை என்று எல்லாரும் வியக்க, சாம்புவும் ஆமாம் என்று நின்றுகொள்வார். பழைய காலப் பேச்சு வழக்கு சிலருக்கு முதல் கதையில் இடிக்கும். இரண்டாவது கதையில் பழகிவிடும் என்று சொல்லி வையுங்கள். சாம்பு பிடித்தவருக்கு அடுத்தது பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி–சீதாப்பாட்டி. புருஷன் பொண்டாட்டி சண்டையை இத்தனை வருஷம் அலுக்காமல் எழுதியவர் வேறு யாரும் இல்லை.

பொன்னியின் செல்வன் படம் 2022ல் வந்த பிறகு “புத்தகம் படிக்கலாம்னு இருக்கேன்” என்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஐந்து பாகத்தையும் செட்டாக வாங்கச் சொல்லாதீர்கள். முதல் பாகத்தை மட்டும் கொடுத்து, வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழையும்வரை படியுங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். அங்கே ராத்திரி அவன் ஒளிந்து பார்க்கும் சதிக் கூட்டத்தைத் தாண்டியவர் பெரும்பாலும் திரும்ப மாட்டார். ஐந்து பாகம் என்றதுமே மலைப்பவருக்கு ‘பார்த்திபன் கனவு’. அதுவும் கல்கிதான், சின்னது, முடிச்சு அழகாக அவிழும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

தமிழ் படிக்கவே வராத நம் வீட்டுப் பெங்களூர், கனடாப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008ல் தமிழ் மாத நாவல் உலகத்தின் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகப் போட்டது. அம்மா ஒளித்து ஒளித்துப் படித்தது இதைத்தான் என்று சொல்லிக் கொடுங்கள்.

படி 5: கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஆசை காட்டிவிட்டு, “ஆனா அது இப்ப கிடைக்காது” என்பது பாவம். பழைய ராணி காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் கைமாறும் விலைக்குப் புதியவர் வரமாட்டார். முத்து, லயன் இதழ்களைச் சந்தா கட்டி வாங்கலாம்; ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அள்ளலாம். மாத நாவல் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ போய் உட்கார்ந்தால் காசே வேண்டாம்.

வாட்ஸப்பில் திருட்டு பிடிஎஃப் அனுப்புவது பரிந்துரை ஆகாது. காமிக்ஸ் பதிப்பகங்கள் அச்சடிப்பதே கொஞ்சம். இன்று அனுப்பும் ஒரு கோப்பால் நாளைக்கு அந்தத் தொடரின் அடுத்த பாகம் வராமல் போகலாம்.

படி 6: நாலு வரியில் சொல்லுங்கள்

என்ன மாதிரி கதை, எவ்வளவு நேரம் ஆகும், எங்கே கிடைக்கும், எது இடிக்கலாம். இவ்வளவு போதும். உதாரணத்துக்கு, அலுவலக நண்பருக்கு:

“சார், லக்கி லூக் ஒண்ணு வாங்கிப் பாருங்க. கௌபாய் காமெடி. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும், பையனும் படிக்கலாம். வசனத்தை வேகமா தாண்டிடாதீங்க, ஜோக்கே அதுலதான்.”

கதையைச் சொல்லாதீர்கள். முக்கியமாக, “கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க!” என்றுகூடச் சொல்லாதீர்கள். அதன்பின் அவர் கதை படிக்க மாட்டார், ட்விஸ்ட்டைத் தேடுவார். கொலையுதிர் காலத்தை இப்படித்தான் பலபேர் கெடுத்திருக்கிறார்கள்.

எது இடிக்கும் என்பதை மறைக்கவும் வேண்டாம். மாடஸ்டி பிளைசி காமிக்ஸ் பெரியவர்களுக்கானது. வேதாளர் (பேண்டம்) கதைகளிலும் பழைய கௌபாய் கதைகளிலும் ஆப்பிரிக்கர்களையும் செவ்விந்தியர்களையும் காட்டும் விதம் இன்று நெருடும். எண்பதுகளின் மாத நாவல்களில் பெண்களைப் பற்றிய சில வரிகளும் அப்படியே. வசந்தின் ஜோக்குகள் சிலதைப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முன்னால் நான் வாசிக்க மாட்டேன். இதை ஒரு வரியில் முன்பே சொல்லிவிட்டால், படிப்பவர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட மாட்டார்.

படி 7: ஒன்றே ஒன்று, அப்புறம் சும்மா இருங்கள்

ஒரு தடவைக்கு ஒரு புத்தகம். மாற்று வேண்டும் என்றால் முற்றிலும் வேறு வகையில் இன்னொன்று. சிரிப்புக்கு ஒன்று, திகிலுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் அவர் பழையபடி தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்.

கொடுத்த மறுநாளே “படிச்சாச்சா?” என்று கேட்காதீர்கள். பத்து நாள் கழித்து, “எதுவரைக்கும் போனீங்க?” என்று கேளுங்கள். வைத்துவிட்டேன் என்று அவர் கூச்சமில்லாமல் சொல்லும்படி கேட்க வேண்டும். எந்தப் பக்கத்தில் வைத்தார் என்பதுதான் அடுத்த பரிந்துரைக்கான தகவல். டெக்ஸை நடுவில் வைத்தவர் நீளத்தால் வைத்தாரா, சண்டை அலுத்து வைத்தாரா? நீளம் என்றால் சின்னக் கதை. அலுப்பு என்றால் சாகசத்தை விட்டு சாம்புவுக்குத் தாவுங்கள்.

முடித்துவிட்டார் என்றால் உடனே அதே எழுத்தாளரின் எல்லாப் புத்தகத்தையும் வரிசைப்படுத்த வேண்டாம். எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள். கொலையுதிர் காலத்தில் வசந்தின் அரட்டை பிடித்தது என்பவர் பரத்–சுசீலாவுக்குப் போகலாம். இருட்டு வீடு பிடித்தது என்பவர் இந்திரா சௌந்தர்ராஜனுக்குப் போகலாம். ஒரே புத்தகத்திலிருந்து இரண்டு பேர் இரண்டு திசையில் போவார்கள்.

இரவல் கொடுப்பதாக இருந்தால், மாத நாவலைக் கொடுங்கள், திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. வாராவாரம் வந்த தொடரைக் கிழித்து, ஓவியர் ஜெயராஜ் படங்களோடு பைண்டு செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லி, காபி கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.